போனில் நீ கேட்ட சத்தம்

அன்புள்ள மகனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. எனக்குக் கை நடுக்கம் எதுவும் வரவில்லை. இப்போதுதான் எழுதப் பழகிய கை, அவ்வளவுதான். சில எழுத்துகளின் வால் கீழ் வரிவரைக்கும் இறங்கிப் போயிருக்கும், சில எழுத்து கோட்டைத் தொடாமல் மேலேயே தொங்கும். பொறுத்துக்கொண்டு படி. ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிப்போகிறது. ஆனால் எழுதி முடித்த வரியைத் திரும்பப் படித்துப் பார்த்தால், நான் நினைத்ததையே அது எனக்குச் சொல்கிறது. நம் ஊர் மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் கடைசி வரைக்கும் சம்பளத்துக்குக் கைநாட்டு வைத்தவன் நான். பஸ் வந்து நின்றால் பக்கத்தில் இருப்பவரிடம் "கருவடிக்குப்பம் போவுமா" என்று கேட்டுத்தான் ஏறுவேன். போன வாரம் யாரையும் கேட்காமல் போர்டைப் படித்து ஏறினேன். அத்தனை நீளப் பெயர். நான் படித்து முடிக்கும் வரைக்கும் பஸ் நின்றதே பெரிய விஷயம். கண்டக்டர் எதற்குச் சிரிக்கிறேன் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சந்தோஷத்தோடு உனக்கு எழுதும் முதல் கடிதத்தில் கல்யாண வேலைகளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கலைவாணி போன் செய்தாள். இன்னும் தாலி ஏறவில்லை, அதற்குள் வாய் நிறைய மாமா என்கிறாள், நல்ல பெண். அவள் சொன்னாள்: "மாமா, அத்தைக்கு நீங்கதான் டெய்லி ரெண்டு வேளையும் பல்லு தேச்சி வுடறீங்களாமே. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாள்லேர்ந்து ஒரு நாளு கூட வுட்டதில்லன்னு அவரு சொன்னாரு. எங்க அப்பா கிட்ட சொன்னேன், அவரு அப்படியே வாயடைச்சிப் போயிட்டாரு." சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். நீ என்னை அவளிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாய் என்றால் நாளைக்கு உன் வீட்டில் ஏதாவது பேச்சு வரும்போதும், எங்கப்பா எப்படி என்று என்னைத்தான் எடுத்துச் சொல்வாய். அது நடப்பதற்கு முன்னால் நீ உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைப் போனில் சொல்ல எனக்கு முகம் இல்லை. எழுத்தில் என்றால் நீ என் முகத்தைப் பார்க்க மாட்டாய்.

அம்மாவுக்கு வாதம் வந்து வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம் நீ அந்தக் கரண்ட் பிரஷ்ஷை வாங்கி வந்தாய். மேசைமேல் அதன் ஸ்டாண்டை வைத்து, பச்சை விளக்கு எரிவதைக் காட்டினாய். பெட்டியில் இரண்டு பிரஷ் தலை இருந்தது, ஒன்றின் கழுத்தில் நீல வளையம், இன்னொன்றில் ரோஸ் வளையம். "ஒரே பிடிதாம்ப்பா, தலைய மட்டும் மாத்திக்கலாம். ரோஸு அம்மாவுக்கு, நீலம் உனக்கு" என்றாய். அம்மாவுக்கு வலது கன்னத்தில் உணர்ச்சி இல்லை, சாப்பிட்டது உள்ளேயே தங்கும், இடது கையால் அவளால் சரியாகத் தேய்க்க முடியாது, நீதான் தேய்த்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதை எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் தலையாட்டினேன். நீ பூனாவுக்கு ரயில் ஏறிப் போன அன்றைக்கே அதை எடுத்துத் துணியில் சுற்றி பீரோவில், உன் பழைய பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் வெட்கம். நம் வளவில் குழாய் இருப்பது வாசலில். மூன்று வீட்டுக்காரர்களும் அங்கேதான் பல் தேய்ப்போம், மூஞ்சி கழுவுவோம். எதிரில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் நம் வாசலில் இருக்கும் வாளிகூடத் தெரியும். அந்த இடத்தில் நாற்காலி போட்டுப் பெண்டாட்டியை உட்கார வைத்து, வாயைத் திற என்று சொல்லி நான் பிரஷ்ஷோடு நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. அவளுக்கு ஒரு தலைவலி என்றால் தைலம் எடுத்துக் கொடுத்தவன்கூட இல்லை நான். சரி, வெட்கம்தான் காரணம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைத்துத் தேய்த்திருக்கலாம் இல்லையா. அதையும் செய்யவில்லை. உண்மைக் காரணம் எச்சில். அவள் வாய்க்குள் கை வைக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. இந்த வார்த்தையை எழுதப் பேனாவைப் பலமுறை கீழே வைத்தேன். ஆனால் இதற்கு வேறு வார்த்தை கிடையாது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா. ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்து, "கொப்பளிச்சித் துப்பு" என்பேன். அவள் இடது கையின் ஒரு விரலில் பல்பொடியைத் தொட்டு முன்பல்லில் லேசாகத் தடவிக்கொள்வாள். துப்பினால் பாதி முந்தானையில் வழியும். வழிந்ததைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், தினமும் சத்தமாகப் படித்தால் நாக்குப் புரளும், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். அம்மா பேப்பரை மடியில் வைத்து, இடது கை விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, உருட்டி உருட்டிப் படிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு எழுத்து பிடிபட ஆரம்பித்தது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள், கல்யாணமான நாளிலிருந்து எனக்காகக் கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும் படித்தவள், நாக்கு இழுத்துக்கொண்ட பிறகு எனக்கு வாத்தியாரம்மா ஆனாள். ஆனால் படிக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். முந்தானை எப்போதும் வாயருகில் இருக்கும். எதற்குத் திருப்பிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டேன்.

நீ வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடும்போது முதல் கேள்வி, "அம்மாவுக்கு பிரஷ் பண்றியாப்பா". "ரெண்டு வேளையும்" என்பேன். ஒரு தடவை நீ சந்தேகமாகக் கேட்டது மாதிரி எனக்குப் பட்டது. "ரொம்ப சத்தம் போடுதாப்பா" என்று கேட்டாய். நான் போய் பீரோவைத் திறந்து, துணியைப் பிரித்து, மெஷினை எடுத்து போன் பக்கத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். "இதோ பாரு, இப்பதான் தேச்சி வுடறேன்" என்றேன். நீ சந்தோஷப்பட்டாய். "அம்மா, நல்லா வாயத் தொறந்து காட்டும்மா" என்று போனில் கத்தினாய். அம்மா கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சில வாரம் நீ கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சத்தத்தை உனக்குக் கேட்க விட்டேன். வாங்கி வந்த மெஷின் அத்தனை மாதத்தில் செய்த வேலை அது ஒன்றுதான். நீ கேட்ட சத்தம் எல்லாம் வெறும் காற்றில் சுற்றிய சத்தம்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. உன்னிடம் சளி என்று சொன்னேன். சளிதான், ஆனால் சும்மா வந்த சளி இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வார்டில் சேர்த்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா வந்து டார்ச் அடித்து வாயைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள், "யாரு இவங்களுக்குப் பல்லு தேச்சி வுடறது?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "எம் பையன் கரண்ட் பிரஷ் வாங்கிக் குடுத்திருக்கான்மா, அதுலதான் தெனமும் தேய்க்கிறோம்." டாக்டரம்மா அம்மாவைப் பார்த்தாள். "அப்படியாம்மா?" அம்மா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் ஆமாம் என்று தலையாட்டினாள். டாக்டரம்மா கையுறை மாட்டி, விரலில் துணியைச் சுற்றி, அம்மாவின் வலது கன்னத்துக்குள் விட்டு வழித்து எடுத்தாள். துணியில் சோறு. மஞ்சளாக இருந்தது. அன்றைக்குக் காலையில் நாங்கள் சாப்பிட்டது இட்லி. எலுமிச்சம் சாதம் முந்தின நாள் மத்தியானம். டாக்டரம்மா அந்தத் துணியை என் கண் எதிரே மடித்துக் குப்பையில் போட்டு, "வாய்ல தங்கறது நெஞ்சுக்குள்ள எறங்கிடும், அதுலதான் இந்தக் காய்ச்சல். உயிருக்கே ஆபத்துங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

டாக்டரம்மா சொன்னதைவிட அம்மாவின் தலையாட்டல்தான் என்னை அடித்தது. கை வராது, வாய் வராது, தலை மட்டும்தான் அவள் இஷ்டப்படி ஆடும். அதையும் எனக்காகப் பொய்க்கு ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை பீரோவிலிருந்து எடுத்தேன். நாற்காலியை உள்ளே போடவில்லை, குழாயடியிலேயே போட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு செய்தால் மறுபடியும் ஒளிவதுதானே. ஆனால் பார், எப்படித் தேய்ப்பது என்று நீ காட்டியபோது நான் காதில் வாங்கவே இல்லை. ரோஸ் தலையை மாட்டி, பேஸ்ட்டை நீளமாக வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு அவள் வாய்ப்பக்கம் கொண்டு போனேன். பேஸ்ட் முழுக்கப் பறந்தது. என் சட்டை, அவள் மூக்குக்கண்ணாடி, குழாயடிச் சுவர், எதுவும் தப்பவில்லை. பக்கத்து வீட்டு லூர்து மேரி குடத்தோடு வந்து நின்றாள். "இன்னாண்ணா, அண்ணிக்கு சுண்ணாம்பு அடிக்கிறீங்களா? மிக்சி ஓடற சத்தம் கேட்டுச்சி, யாரு வீட்ல சட்னின்னு பாக்க வந்தேன்" என்றாள். நான் தலை குனிந்து நின்றேன். அப்போது ஒரு சத்தம் கேட்டது. அம்மா சிரித்தாள். வாதம் வந்ததற்கு அப்புறம் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. ஒரு பக்கம்தான் மேலே போனது, இன்னொரு பக்கம் அப்படியே இருந்தது, கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி, அவள் பாட்டுக்குச் சிரித்தாள். லூர்து மேரிதான் குடத்தை இறக்கிவிட்டு, "வாய்க்குள்ள வெச்சிட்டு அப்புறமா அமுக்குங்கண்ணா. இது கூடத் தெரியாதா" என்று சொல்லிக் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தாள்.

அந்த மெஷின் நடுவில் நடுவில் ஒரு நொடி நின்று ஓடும் இல்லையா. முதல் தடவை நின்றபோது கெடுத்துவிட்டேன் என்று பயந்து வெளியே எடுத்தேன், மறுபடியும் சட்டையெல்லாம் பேஸ்ட். இடத்தை மாற்று என்று அது சொல்கிறது என்பதே எனக்குப் பிறகுதான் புரிந்தது. மேலே ஒரு பக்கம், மேலே மறுபக்கம், கீழேயும் அப்படியே. இப்போது அது நின்றவுடன் அம்மாவே வாயை நகர்த்திக் கொடுக்கிறாள். வலது கன்னத்துக்கு வந்ததும் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு விரலில் துணி சுற்றி நான் வழித்துவிடுகிறேன். முதல் வாரம் எனக்குக் குமட்டியது. மறைக்காமல் சொல்கிறேன். அப்புறம் நின்றுவிட்டது. ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது இடது பக்கம் உள்ளே இரண்டு கடைவாய்ப் பல் இல்லை. "இது எப்பப் போச்சி" என்று கேட்டேன். "பையன் பொறந்தப்ப" என்றாள், உருட்டி உருட்டி. "நீங்க நைட் ஷிப்டு. நானே போய்ப் புடுங்கிக்கினு வந்தேன்." உன் வயது அந்த ஓட்டைக்கு. இத்தனை வருஷமாக அவள் ஒரே பக்கமாக மென்று தின்றிருக்கிறாள், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மா நான் சாப்பிட்ட தட்டில்தான் சாப்பிட்டாள். நான் கை கழுவ எழுந்ததும் அதே தட்டில் சோறு போட்டுக்கொள்வாள். நீயும் பார்த்திருக்கிறாய். நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான், நான் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது. நான் கடித்து வைத்த மீன் முள்ளுக்குப் பக்கத்தில் கை வைத்துச் சாப்பிட அவள் மனசு சுளித்ததே இல்லை. அவள் வாயில் ஒரு விரல் வைக்க எனக்குச் சுளித்தது.

இந்த இடம் வரைக்கும் எழுதி நேற்று அம்மாவிடம் கொடுத்தேன். பேப்பருக்குப் பதிலாக இன்றைக்கு இதைப் படி என்றேன். அவள் சத்தமாகப் படித்தாள். அவளைப் பற்றி நான் எழுதியதை அவள் வாயாலேயே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை, இன்னும் அவ்வளவு படிக்கவில்லை. பீரோ, போன், வார்டு எல்லாம் நிறுத்தாமல் படித்தாள். தட்டு இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"இது தப்பு" என்றாள்.

"எது?"

"மனசு சுளிச்சதே இல்லன்னு எழுதியிருக்கீங்களே. யாரு சொன்னா?"

"பின்ன?"

"மொத வருசம் பூரா கொமட்டும். பீடி நாத்தம். உங்கம்மா எதிர்ல நின்னுக்கினு இருப்பாங்க. கண்ண மூடிக்கினு முழுங்குவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா. பழகிப்போச்சி."

சொல்லிவிட்டு விரலை நகர்த்தி, விட்ட இடத்திலிருந்து கடைசி வரியைப் படித்து முடித்தாள். நான் எழுதிய அந்தத் தப்பான வரியை அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். நீ அதைப் படித்து, நான் எவ்வளவு தெரியாதவனாக இருந்தேன் என்று பார்க்க வேண்டும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தாலி கட்டி முடிந்ததும் பெண் வீட்டில் பால் பழம் கொடுப்பார்கள். டம்ளரை முதலில் உன் கையில்தான் கொடுப்பார்கள். நீ குடித்த மிச்சத்தைக் கலைவாணி குடிக்க வேண்டும், சுற்றி நின்று எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் அவளைக் குடிக்கச் சொல், மிச்சத்தை நீ குடி என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள், "எதுக்கு? ரெண்டு டம்ளரு வெக்கச் சொல்லுங்க. கல்யாண வீட்ல டம்ளருக்கா பஞ்சம்" என்றாள். நீல வளையமும் ரோஸ் வளையமும் வாங்கி வந்தவன் நீ, உனக்கு நான் சொல்லிப் புரிய வேண்டியதில்லை. ஒரு டம்ளரோ இரண்டோ, அதை நானும் சொல்ல வேண்டாம், அம்மாவும் சொல்ல வேண்டாம். நீ கலைவாணியைக் கேள். கல்யாணத்துக்கு முன்னாலேயே கேள். நான் கேட்காமல் விட்டதெல்லாம் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும்.

இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடு. அவள் அப்பாவிடமும் சொல்லச் சொல், வாயடைத்துப் போன மனுஷன் கொஞ்சம் பேசட்டும். படித்த பிறகு அவள் என்னை எப்படிக் கூப்பிடுகிறாளோ கூப்பிடட்டும். மேடையில் போட்டோவுக்கு நிற்க மாட்டேன், வாய் கோணலாக இருக்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். நேற்று அவளாகவே என்ன புடவை கட்டலாம் என்று லூர்து மேரியிடம் கேட்டாள். வாயருகில் முந்தானை இல்லை. எனக்கு அது போதும்.

பச்சை விளக்கு எரிகிறது, அம்மா குழாயடியில் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு, "இன்னும் எழுதி முடியலியா" என்கிறாள். ரோஸ் பிரஷ்ஷின் முடியெல்லாம் விரிந்துவிட்டது. புதுத் தலை வாங்க அடுத்த வாரம் நேரு வீதிக்குப் போகிறேன், கடைப் பெட்டியில் எழுதியிருப்பதை நானே படித்து வாங்குவேன். சரியானதை வாங்கினேனா என்று வந்ததும் உனக்கு எழுதுகிறேன். அதற்குள் நீ கலைவாணியைக் கேட்டு வை, அவள் என்ன சொன்னாள் என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டுமாம்.

அப்பா